கடலே இல்லாத நெய்தல் பாட்டு: திணை எப்படி வேலை செய்கிறது?

குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும். முல்லை என்றால் காடும் காடு சார்ந்த இடமும். பள்ளிக்கூடத்தில் படித்த இந்த வாய்பாடு பலருக்கும் இன்றும் தலைகீழாகத் தெரியும். மேடைப் பேச்சுகளில் "நிலத்தை ஐந்தாகப் பிரித்தவன் தமிழன்" என்ற வரி அடிக்கடி வரும், கைதட்டலும் விழும். கேட்பவர் மனத்தில் கடைசியில் தங்குவது இதுதான்: திணை என்பது பழந்தமிழரின் நிலவியல், சங்கப் புலவர்கள் இயற்கையை வருணித்தவர்கள்.

குறுந்தொகையின் 6-ஆம் பாட்டு இந்த எண்ணத்துக்குள் அடங்குவதில்லை. பதுமனார் பாடியது. மொத்தமே நான்கு வரி.

நள்ளென் றன்றே யாமம் சொல்அவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே

நடு இரவு. மனிதர்கள் பேச்சடங்கிச் சுகமாகத் தூங்குகிறார்கள். அகன்ற உலகமே தூங்குகிறது. நான் ஒருத்தி மட்டும் தூங்கவில்லை. பாட்டு முடிந்துவிட்டது.

இது எந்தத் திணை? நெய்தல். வாய்பாட்டின்படி நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும். ஆனால் இந்தப் பாட்டில் அலை இல்லை, மணல் இல்லை, மீன் இல்லை, புன்னை மரமும் இல்லை. நெய்தலுக்கு இலக்கணம் சொல்லும் பொழுதுகூட எற்பாடுதான், அதாவது சூரியன் சாயும் பிற்பகல். இங்கே இருப்பதோ நள்ளிரவு. பிறகு எப்படி இது நெய்தல் ஆயிற்று? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் திணை பிடிபட்டுவிடும்.

கண்ணுக்குத் தெரிவதும் அதன் பொருளும்

அதிகாலையில் ஒரு தெருவில் நடந்து போகிறோம். எல்லா வாசலிலும் கோலம் போட்டிருக்கிறது, ஒரு வீட்டைத் தவிர. தெருக்காரர்கள் அந்த வாசலைப் பார்த்ததுமே குரலைத் தாழ்த்துகிறார்கள். யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டில் துக்கம் என்று புரிந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அதே வாசலைப் பார்த்தால் அவருக்குத் தெரிவது வெறும் தரை. வாசல் ஒன்றுதான். அந்த ஊர்ப் பழக்கத்தை அறிந்த கண்ணுக்கு மட்டும் அது பேசுகிறது.

சங்க அகப்பாடலில், அதாவது காதல் பாட்டில், நிலம் இப்படித்தான் பேசுகிறது. மலையும் மழையும் குருகும் கொன்றையும் அலங்காரத்துக்காக அங்கே நிற்கவில்லை. பாடுகிறவரும் கேட்கிறவரும் முன்பே ஒத்துக்கொண்ட பொருள் ஒவ்வொன்றுக்கும் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் பெயர்தான் திணை: ஒரு மனநிலை, அதற்குப் பொருந்தும் நிலம், காலம், அங்கே வாழும் உயிர்கள் எல்லாம் சேர்ந்த ஒரு கட்டு.

மூன்று அடுக்கு

தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் இந்தக் கட்டை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறது.

நிலமும் பொழுதும் முதற்பொருள். பொழுது என்பதில் இரண்டு உண்டு. ஆண்டின் பருவம் பெரும்பொழுது, நாளின் வேளை சிறுபொழுது. அந்த நிலத்தில் அந்தக் காலத்தில் இருப்பவை எல்லாம் கருப்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியர் அடுக்குகிறார். மூன்றாவது உரிப்பொருள். அந்தத் திணைக்கே உரிய மனநிலை என்று இதைச் சொல்லலாம். குறிஞ்சிக்குப் புணர்தல் (கூடுதல்), முல்லைக்கு இருத்தல் (காத்திருத்தல்), மருதத்துக்கு ஊடல் (பிணக்கு), நெய்தலுக்கு இரங்கல் (ஏங்கி வருந்துதல்), பாலைக்குப் பிரிதல்.

பள்ளிக்கூட அட்டவணையில் இந்த மூன்றும் ஒரே அளவுக் கட்டங்களில் உட்கார்ந்திருக்கும். குழப்பம் தொடங்குவது அங்கேதான். "முதல் கரு உரிப்பொருள் என்ற மூன்றே நுவலுங் காலை முறைசிறந் தனவே" என்கிறது நூற்பா. முதற்பொருளை விடக் கருப்பொருளும், கருப்பொருளை விட உரிப்பொருளும் சிறப்புடையவை என்று உரையாசிரியர்கள் இதற்குப் பொருள் கண்டார்கள். இன்னொரு நூற்பா இன்னும் தெளிவு: "உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே". மனநிலையைத் தவிர மற்றவை இடம் மாறி வரலாம்.

பதுமனாரின் பாட்டுக்கு இப்போது திரும்புவோம். அதில் நிலம் சொல்லப்படவில்லை, பொழுது நெய்தலுக்கு உரியது அல்ல. ஆனால் பிரிந்துபோனவனை நினைத்து ஒருத்தி உருகுகிறாள். இரங்கல் இருக்கிறது. ஆகவே நெய்தல்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: நிலமும் காலமும் முதற்பொருள், அங்கே உள்ளவை கருப்பொருள், மனநிலை உரிப்பொருள். மூன்றும் சேர்ந்து வருவது வழக்கம். திணை எது என்று முடிவு செய்வது மூன்றாவதுதான்.

நிலம் முக்கியமில்லையா?

மனநிலைதான் தீர்மானிக்கிறது என்றால் நிலம் எதற்கு என்று கேட்கலாம். இந்த மனநிலைக்கு இந்த நிலம் என்று யாரோ கண்ணை மூடிக்கொண்டு ஒட்டவைக்கவில்லை. பொருத்தம் வாழ்க்கையிலிருந்து வந்தது. அட்டவணையாக மனப்பாடம் செய்யும்போது நமக்குக் கிடைக்காமல் போவது இந்தப் பகுதிதான், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே.

மலையை எடுத்துக்கொள்ளுங்கள். சரிவில் தினை விளைகிறது. கதிர் முற்றும்போது கிளிக்கூட்டம் இறங்கும். கிளியை விரட்ட வீட்டுப் பெண்பிள்ளைகள் பரண் மேல் போய் உட்காருவார்கள். வீட்டுக்கு வெளியே, பெரியவர்கள் கண்ணுக்கு எட்டாமல், பகல் முழுவதும். வேட்டைக்கு வரும் இளைஞன் அவளைச் சந்திக்க இதைவிடத் தோதான இடம் வேறு இல்லை. கதிர் அறுத்ததும் அவளை வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். பிறகு அவன் இரவில்தான் வர வேண்டும், புலியும் யானையும் காட்டாறும் உள்ள வழியில். குறிஞ்சிக்கு உரிய பொழுது ஏன் யாமம், அதாவது நள்ளிரவு, ஏன் கூதிர் என்னும் குளிர்காலம் என்பது இப்போது புரிகிறது. களவு என்னும் மறைவான காதலும் அச்சமும் அந்த நிலத்தின் வேலை முறையிலிருந்தே பிறக்கின்றன.

மருதத்தில் வயலும் ஆறும் இருக்கின்றன, நெல் மிஞ்சுகிறது. மிச்சம் இருக்கும் இடத்தில் ஊர் பெருகும், விழா வரும், ஆண்களுக்கு ஓய்வு வரும், பரத்தையர் (ஆண்கள் மணத்துக்கு வெளியே நாடும் பெண்கள்) சேரி வரும். இரவை வெளியே கழித்தவன் விடியலில் வீடு திரும்புகிறான். மருதத்தின் சிறுபொழுது வைகறையும் விடியலும். மனைவி கதவைத் திறப்பதில்லை. ஊடல்.

நெய்தலில் படகு ஏறிப் போனவர் திரும்புவது கடலின் கையில் இருக்கிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு இரங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

முல்லைக்கு நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டை விட நல்ல சான்று கிடையாது. 103 அடிதான். அரசன் போருக்குப் போயிருக்கிறான், கார்காலம் வந்துவிட்டது, மாலை நேரம். நல்ல சொல் கேட்டு வர முதிய பெண்கள் ஊர்ப்புறத்துக்குப் போகிறார்கள். அங்கே ஓர் ஆயர் மகள். சிறு தாம்பில் கட்டிய கன்று தாயைத் தேடித் தவிக்கிறது. குளிரில் நடுங்கியபடி அவள் கன்றிடம் சொல்கிறாள்: "இன்னே வருகுவர் தாயர்". உங்கள் அம்மாக்கள் இதோ வந்துவிடுவார்கள். முதிய பெண்கள் அந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டு தலைவியிடம் வந்து, அவன் வருவான் என்கிறார்கள்.

மேய்ச்சல் நிலத்தில் மாடு மாலையில் திரும்பியே ஆக வேண்டும். மழைக்காலத்தில் போர் நின்றே ஆக வேண்டும். இரண்டு திரும்புதலும் ஒரே வேளையில், ஒரே நிலத்தில் சந்திக்கின்றன. காத்திருக்கிறவளிடம் ஆறுதல் சொல்லப் புலவர் தனியாக உவமை தேட வேண்டியிருக்கவில்லை. கட்டுத்தறியிலேயே அது கிடந்தது. இருத்தல் என்ற உரிப்பொருள் முல்லைக்கு ஏன் போயிற்று என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

இந்த நிலங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருந்தவையும் அல்ல. வைகையின் நீளம் ஏறக்குறைய 250 கி.மீ. வருசநாட்டு மலையில் பிறந்து, காட்டோரம் இறங்கி, மதுரை வயல்களைத் தாண்டி, ராமநாதபுரத்தின் வறண்ட சமவெளி வழியாகக் கடலை நோக்கிப் போகிறது. ஒரே ஆற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஐந்தையும் பார்த்துவிடலாம்.

பாலை பாலைவனம் அல்ல

பாலை என்றதும் பலர் மனத்தில் ராஜஸ்தான் மணல்மேடும் ஒட்டகமும் வருகின்றன. தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று நான்குக்கு மட்டும்தான் நிலம் ஒதுக்குகிறது. பாலைக்கு நண்பகலும் வேனிலும் உண்டு, தனி நிலம் கிடையாது. சிலப்பதிகாரம் இதைத் துல்லியமாகச் சொல்கிறது:

முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்

மழை பொய்த்து வெயில் முற்றும்போது காடும் மலையும் தம் இயல்பு கெட்டு எடுக்கும் வடிவம் பாலை. இதே இடத்தில் மழை பெய்தால் மறுபடி முல்லை. நிலம் தன் துணையைப் பிரிந்த நிலை என்று நான் இதை வாசிக்கிறேன். பிரிதல் அதன் உரிப்பொருளாக இருப்பதில் வியப்பில்லை.

தனக்கென நிலமில்லாத இந்தத் திணைதான் அகநானூற்றில் சரிபாதி. அந்நூலின் 400 பாட்டுகளில் ஒற்றைப்படை எண் உள்ள 200-ம் பாலை. குறிஞ்சிக்கு 80, மற்ற மூன்றுக்கும் தலா 40. திணை நிலவியல் பாகுபாடாக மட்டும் இருந்திருந்தால் இந்தக் கணக்கு வந்திருக்காது. மனிதர் பிரியும்போதுதான் பாட்டு அதிகம் பிறக்கிறது.

இந்தப் பகுதியின் சுருக்கம்: நிலத்தின் தொழிலும் பருவமும் சில மனநிலைகளை இயல்பாக உண்டாக்குகின்றன. புலவர்கள் அந்தப் பொருத்தத்தைக் கண்டு மரபாக்கினார்கள். கடற்கரையில் யாரும் ஊடியதில்லை என்பது இதன் பொருள் அல்ல. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்த "புலனெறி வழக்கம்" என்றுதான் தொல்காப்பியர் இதைக் குறிக்கிறார். வாழ்க்கையிலிருந்து எடுத்து, பாட்டுக்காகத் திருத்திய மரபு.

பெயர் சொல்லாதபோது நிலம் சொல்கிறது

அகப்பாட்டில் தலைவனுக்கோ தலைவிக்கோ இயற்பெயர் கிடையாது. "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்பது விதி. இன்னாருடைய காதல் என்று ஆகிவிட்டால் அது எல்லாருடைய காதலாகவும் இருக்க முடியாது. அதனால் ஆளை நிலத்தால் குறிக்கிறார்கள். மலைக்காரன் வெற்பன், நாடன். வயற்காட்டுக்காரன் ஊரன். கடற்கரைக்காரன் சேர்ப்பன், கொண்கன். அவன் நாடு எப்படிப்பட்டது என்று வருணித்தால், அவன் எப்படிப்பட்டவன் என்று சொன்னதாகிவிடும்.

இந்த வாசலைத் திறந்துவிட்டால் சங்கப் பாட்டு வேறாகத் தெரியும். குறுந்தொகை 8, ஆலங்குடி வங்கனார்:

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

பேசுகிறவள் பரத்தை. தலைவனை இவள் மயக்கிவிட்டாள் என்று மனைவி பழி சொன்னது காதுக்கு வந்திருக்கிறது. மனைவிக்கு வேண்டியவர்கள் கேட்கும்படி பதில் சொல்கிறாள். வெளிப்படையாக அவள் சொல்வது, "என் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுவான், தன் வீட்டுக்குப் போனால் கண்ணாடியில் தெரியும் உருவம் மாதிரி, மகனின் தாய் கையைத் தூக்கினால் இவனும் தூக்குவான்" என்பது. இதுவே போதுமான அடி. ஆனால் அவளுடைய உண்மையான பதில் முதல் இரண்டு வரியில் இருக்கிறது.

வயலோரத்து மாமரம். பழம் முற்றித் தானாகக் கீழே விழுகிறது. குளத்து வாளைமீன் அதைக் கவ்விக்கொள்கிறது. மீன் மரம் ஏறவில்லை, கிளையை உலுக்கவில்லை. இருந்த இடத்தில் வாயைத் திறந்தது. அவனும் அப்படித்தான் தானாக வந்து விழுந்தான், நான் வலை வீசவில்லை. அந்த ஊர் அப்படி, அந்த ஊரனும் அப்படி.

காட்சியின் ஒவ்வொரு உறுப்பும் கதையின் ஓர் உறுப்போடு பொருந்தி, அந்தப் பொருத்தம் வாய்விட்டுச் சொல்லப்படாமல் நின்றால் அதற்கு உள்ளுறை என்று பெயர். பழம் தலைவன், வாளை பரத்தை. 'போல' என்ற சொல் முதல் இரண்டு வரியில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வருணனை என்று நினைத்து அதைத் தாண்டிப் போகிற வாசகர் பாட்டின் பாதியை இழக்கிறார்.

எல்லாக் காட்சியும் இப்படி உறுப்புக்கு உறுப்பு பொருந்தாது. குறுந்தொகை 37-இல் பிரிந்தவனை நினைத்து வாடும் தலைவிக்குத் தோழி ஆறுதல் சொல்கிறாள்: அவர் போன வழியில், பிடியின் பசியைத் தீர்க்க ஆண் யானை யா மரத்தின் மெல்லிய கிளையைப் பட்டை உரித்துக் கொடுக்கும். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாட்டு இது. யானைதான் தலைவன் என்று ஒட்டிப் பார்த்தால் சரிவராது. அந்தக் காட்சியை அவர் வழியில் பார்ப்பார், உன்னை நினைப்பார், திரும்பிவிடுவார் என்பது தோழி சொல்லாமல் விட்டது. காட்சியைத் தாண்டி இப்படிப் பிறக்கும் பொருளுக்கு இறைச்சி என்று பெயர். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பதில் உரையாசிரியர்களே வேறுபடுவார்கள், தொடக்கத்தில் அந்த விவாதம் நமக்கு வேண்டாம்.

மரம் பொய் சொல்கிறதா?

குறுந்தொகை 66 முல்லைப் பாட்டு. கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. கொன்றை கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டது. தோழி சொல்கிறாள்: "மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை". இந்தக் கொன்றை மரங்களுக்கு அறிவில்லை, பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார்மழை என்று நினைத்துப் பூத்துவிட்டன.

கொன்றை கார்காலத்து மரம், கருப்பொருள். அது பூத்தால் காலம் வந்துவிட்டது என்று பாட்டைக் கேட்பவர் அனைவருக்கும் தெரியும். தோழிக்கும் தெரியும், தலைவிக்கும் தெரியும். தெரிந்தே மரத்தின் மேல் பழியைப் போடுகிறாள், அவன் மேல் போட முடியாததால். திணையின் மரபு தெரியாதவருக்கு இது பூவைப் பற்றிய பாட்டு. தெரிந்தவருக்குத் தொண்டையை அடைக்கும்.

விதி தெரிந்தவர் விதியை வளைப்பதும் உண்டு. கபிலரின் குறுந்தொகை 25 குறிஞ்சி. களவில் கூடிய நாளில் வேறு யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. சட்டென்று நினைவு வருகிறது. ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு நின்றதே! குருகு நீர்நிலத்துப் பறவை, மலைக்கு உரியது அல்ல. ஒரு நிலத்தின் கருப்பொருள் இன்னொரு திணையில் வந்து நிற்பது திணை மயக்கம். கபிலர் அந்தக் குருகின் காலைத் "தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால" என்கிறார். தினையின் தாள் மலைப்பயிர். வெளியூர்ப் பறவையின் காலில் மலையைக் கட்டிவிட்டார். அவள் பக்கம் சாட்சி சொல்ல அந்தக் குருகு மட்டும்தான், அதன் கண்ணும் மீன் மேலேயே இருந்தது.

ஒரு வரியில் சொன்னால், கருப்பொருளைக் கண்டால் "இது ஏன் இங்கே நிற்கிறது" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் பாட்டுக்குள்ளேயே இருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது

புதிதாக வருகிறவர்களுக்கு ஐங்குறுநூற்றைச் சொல்வேன். பாட்டுகள் மூன்று முதல் ஆறு அடிக்குள் முடிந்துவிடும். மருதத்தை ஓரம்போகியார், நெய்தலை அம்மூவனார், குறிஞ்சியைக் கபிலர், பாலையை ஓதலாந்தையார், முல்லையைப் பேயனார் என்று ஐவர் ஆளுக்கு நூறு பாடியிருக்கிறார்கள். ஒரு திணையில் பத்துப் பாட்டைத் தொடர்ந்து வாசித்தால் அந்த நிலத்தின் மொழி காதில் விழத் தொடங்கும். உரையைப் பிறகு பார்க்கலாம். முதலில் யார் பேசுகிறார், யாரிடம், அங்கே எந்த உயிர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற மூன்றை மட்டும் கவனித்தால் போதும்.

ஆறாம் திணை என்ற பேச்சு

புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களின் எழுத்தைப் பற்றிப் பேசும்போது "ஆறாம் திணை" என்ற சொல் புழங்குகிறது. பனியும் பனி சார்ந்த இடமும் என்று அதற்கு வாய்பாடு சொல்கிறார்கள். நல்ல வாய்பாடுதான், ஆனால் பனி நிலம் முதற்பொருளை மட்டுமே தருகிறது. இலையுதிர்ந்த மேப்பிள் மரமும் இரவு வேலையும் சுரங்க ரயிலும் கருப்பொருளாகலாம். திணையைத் தீர்மானிப்பது உரிப்பொருள் என்று பார்த்தோம். அது என்ன?

பிரிதல் என்றால் பாலையே போதும், புதிய திணை வேண்டியதில்லை. ஆனால் பாலையில் பிரிந்தவன் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது, அவன் சொல்லிப் போன பருவம் இருக்கிறது, அது வந்துவிட்டதைக் காட்டக் கொன்றை இருக்கிறது. போரில் ஊரை விட்டு ஓடியவருக்கு அந்த வீடே இல்லாமல் போயிருக்கலாம். திரும்பும் பருவம் என்று எந்த மரமும் அவருக்குப் பூப்பதில்லை. தொல்காப்பியர் சொன்ன ஐந்து மனநிலைகளில் எதுவும் இதை முழுதாகத் தாங்கவில்லை என்பதால்தான் ஆறாவது ஒன்று தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.